ஓடும்போது எண் எகிறுகிறதா? இதயத் துடிப்பு மானியின் கோளாறைப் பிடிக்கும் வழி

மெல்லோட்டம் தொடங்கி மூன்றே நிமிடம். மூச்சு வாங்கவில்லை, பேசிக்கொண்டே ஓட முடிகிறது. வாட்சைப் பார்த்தால் 187. இன்னொரு நாள் மேடேறி நெஞ்சு படபடக்கும்போது அதே வாட்ச் 92-ஐத் தாண்ட மறுக்கிறது. வேறொரு நாள் எண்ணே இல்லை, வெறும் இரண்டு கோடுகள். மூன்றும் வேறு வேறு நோய்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் செய்கிறார்கள்: ப்ளூடூத் இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணைப்பது. அது மூன்றாவதற்கு மட்டும்தான் ஓரளவு உதவும்.

நினைவில் வைக்கவேண்டிய பிரிவினை இதுதான். எண் தவறாக வந்தால் கோளாறு தோல் பக்கம். எண் வராமலே போனால் கோளாறு ரேடியோ பக்கம், அல்லது பேட்டரியில். நெஞ்சில் கட்டும் பட்டையிலுள்ள சென்சார் இதயத்தின் மின்சாரத்தைக் கேட்டுக் கணக்கிட்ட எண், பிழை சரிபார்ப்போடு சிறு பொட்டலமாக, ரேடியோ வழியே வாட்சுக்குப் போகிறது. பொட்டலம் முழுதாகச் சேரும், இல்லையென்றால் சேராது. வழியில் 120 என்பது 190 ஆக மாறுவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: சில வாட்சுகள் சிக்னல் அறுந்த பிறகும் கடைசியாக வந்த எண்ணைச் சில விநாடிகள் பிடித்துக்கொண்டிருக்கும். திரையில் எண் உறைந்து நின்றால் அதைத் தவறான எண் என்று எடுக்காமல் வராத எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் கழற்றுமுன் விரலை வையுங்கள்

வாட்சை இன்னொரு வாட்சோடு ஒப்பிடுவதால் பயன் குறைவு. இரண்டும் ஒரே தப்பைச் செய்யலாம். நாடிதான் அளவுகோல். 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி 2-ஆல் பெருக்குங்கள். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு.

உழைப்பின் நடுவே சோதிக்க வேண்டுமென்றால், நின்ற மறுவிநாடி கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், லேசாகத் தொட்டு 10 விநாடி எண்ணி 6-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது. நின்றவுடன் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும் என்பதால்தான் 10 விநாடி. இதில் ஒரு துடிப்பு தவறினால் 6 கூடும் அல்லது குறையும். ஆகவே 6, 8 வித்தியாசம் கோளாறே அல்ல. 30, 40 வித்தியாசம்தான் கோளாறு.

உட்கார்ந்திருக்கும்போது பொருந்தி, அசையும்போது மட்டும் பிசகினால் தொடுகையிலோ அசைவிலோ பிரச்சினை. உட்கார்ந்திருக்கும்போதே பொருந்தவில்லையென்றால் எத்தனை மடங்கு என்று பாருங்கள். நெஞ்சுப் பட்டை சரியாக இரட்டிப்பாகக் காட்டினால், இதய மின்அலையின் பெரிய முகட்டோடு அதன் பின்னால் வரும் சிறிய மேட்டையும் அது தனித் துடிப்பாக எண்ணுகிறது. பட்டையைக் கொஞ்சம் இடப்பக்கமோ கீழோ நகர்த்தினால் பெரும்பாலும் தீரும்.

நகர்த்தியும் பட்டையில் 80, விரலில் 40 என்றே வந்தால் மானியைத் திட்டாதீர்கள். முந்திக்கொண்டு அடிக்கும் துடிப்புகள் மணிக்கட்டுவரை எட்டாமல் போகலாம். மருத்துவரிடம் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவேண்டிய விஷயம் அது. அதேபோல எண் திடீரென்று தாவி, விரலும் அதே வேகத்தைச் சொன்னால், கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது, பயிற்சியை நிறுத்துங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், மயக்கம் சேர்ந்தால் அந்த நாளே மருத்துவ உதவி வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் எந்தப் பட்டையையும் தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே கட்ட வேண்டும்.

நெஞ்சுப் பட்டை: முதல் 10 நிமிடத்துக் கூத்து

பட்டைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை இதுதான்: தொடக்கத்தில் 200-க்கு மேல் குதிக்கும், திடீரென்று 60-க்கு விழும், பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிடும். தானே சரியாகவில்லை. வியர்வை சரிசெய்தது. இதயத்திலிருந்து தோலுக்கு வந்துசேரும் மின் அழுத்தம் சுமார் 1 மில்லிவோல்ட். காய்ந்த தோலுக்கும் காய்ந்த எலக்ட்ரோடுக்கும் (பட்டையின் உட்பக்கத்தில் தோலைத் தொடும் மின்கடத்தும் பகுதி) நடுவே அது தடுமாறுகிறது. அந்த இடைவெளியில் துணி உரசும் நிலைமின்சாரமும் தசையின் மின்சாரமும் இதயத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். சென்சார் அவற்றையும் துடிப்பு என்று எண்ணிவிடும்.

கட்டுவதற்கு முன் இரண்டு எலக்ட்ரோடுகளின் உட்பக்கத்தையும் நீரில் நன்றாக நனையுங்கள். இரண்டு துளி தெளிப்பது போதாது. குழாயடியில் பிடித்து எடுத்து, சொட்டாத அளவுக்கு உதறினால் சரி. குளிர்ந்த, காய்ந்த காற்றில் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும், அங்கே ஈ.சி.ஜி. எடுக்கப் பயன்படும் ஜெல் ஒரு பட்டாணி அளவு, ஒவ்வொரு எலக்ட்ரோடிலும் தடவலாம். அந்த ஜெல் மணிக்கணக்கில் நிற்கும். எச்சில்கூட வேலை செய்யும். எண்ணெய், வாசலின், பாடி லோஷன் மூன்றும் ஆகாது. மின்சாரத்துக்கு அவை தடுப்புச் சுவர். உப்புநீரில் நனைத்தால் சிக்னல் நன்றாகவே இருக்கும், ஆனால் சென்சார் பெட்டியை மாட்டும் பிரஸ் பட்டன்களுக்கு ஆயுள் குறையும்.

இடம்: மார்புத் தசைகளுக்குச் சற்றுக் கீழே, நடு நெஞ்செலும்பின் முடிவை ஒட்டி. எழுத்து வெளியே, நேராக இருக்கவேண்டும். பெண்கள் பிராவின் அடிப்பட்டைக்குக் கீழே, அல்லது அதன் எலாஸ்டிக் எலக்ட்ரோடைத் தோலோடு அழுத்தும்படி அமைத்துக்கொள்ளலாம். இழுத்து மூச்சு விட்டுப் பார்த்து, பட்டை தோலில் வழுக்காத இறுக்கம் வேண்டும். மூச்சைப் பிடிக்கும் இறுக்கம் வேண்டாம். நெஞ்சில் முடி அடர்த்தியாக இருந்தால் ஜெல் உதவும். தண்டால் எடுக்கும்போது மட்டும் எண் பைத்தியம் பிடித்தால் அது மார்புத் தசையின் மின்சாரம். பட்டையை ஒரு விரல் அளவு கீழே இறக்குங்கள்; முதுகுப் பக்கம் திருப்பிக் கட்டியும் சிலருக்குச் சரியாகிறது.

நிலைமின்சாரத்தின் கதை தனி. தொளதொள பாலியஸ்டர் சட்டை, வறண்ட காற்று, சைக்கிளில் வேகமான இறக்கம்: மூன்றும் சேர்ந்தால் சட்டை படபடத்து 220 காட்டும். கால் மிதிக்கவே இல்லாத நேரத்தில் உச்ச எண் வருவதுதான் அடையாளம். உடலோடு ஒட்டிய சட்டையோ பருத்திச் சட்டையோ போடுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சுப் பக்கத்துச் சட்டையை ஈரமாக்குங்கள்.

பட்டையா, பெட்டியா?

நனைத்தாயிற்று, இடம் சரி, இன்னும் எண் தாவுகிறது. இப்போது துணிப் பட்டை போய்விட்டதா, அதில் மாட்டும் சென்சார் பெட்டி போய்விட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பட்டையிலிருந்து கழற்றி, இரண்டு கட்டைவிரல்களையும் நனைத்து, பெட்டியின் பின்புறமுள்ள இரண்டு உலோகப் பொத்தான்களில் ஆளுக்கொன்றாக வைத்து, கைகளைத் தளர்த்தி 20 விநாடி அசையாமல் உட்காருங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. இடக்கைக்கும் வலக்கைக்கும் இடையே இதயம் இருப்பதால் சிக்னல் விரல்வழியே போய்ச் சேரும். வாட்சில் நிதானமான எண் வந்தால் பெட்டி நலம், பட்டை மாற்றப்பட வேண்டியது. பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கும் மாடல்கள் நிறைய. பெட்டியோடு சேர்த்துப் புதிது வாங்கும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் பட்டையை இன்னும் நேராகவே பார்க்கலாம். ஒரு முனையைப் பிரஸ் பட்டனிலும் மறு முனையை அதே பக்கத்து எலக்ட்ரோடின் கோடியிலும் வைத்து மின்தடையை அளக்கவும். பிறகு மறு பக்கம். எத்தனை ஓம் என்பது பட்டைக்குப் பட்டை மாறும், அதில் மயங்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் பலமடங்கு கூடுதலாக இருந்தாலோ, பட்டையை இழுக்கும்போது தொடர்பு விட்டுப்போனாலோ உள்ளே கடத்தும் இழை அறுந்திருக்கிறது. பட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு இடையே, காய்ந்த நிலையில், தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் நடுவில் உப்புப் பூத்துப் பாலம் போட்டிருக்கிறது, அலசுங்கள்.

உப்புதான் பட்டையின் எமன். ஒவ்வொரு முறை கழற்றியதும் பெட்டியைப் பிரித்துவிட்டு, பட்டையை வெறும் நீரில் அலசுங்கள். ஐந்தாறு முறைக்கு ஒருதரம் மென்மையான சோப்பு, வெதுவெதுப்பான நீர், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம். துணி கண்டிஷனர் எலக்ட்ரோடின் மேல் மெழுகுபோல் படிந்துவிடும். ப்ளீச், இஸ்திரி, முறுக்கிப் பிழிவது எல்லாம் இழையைக் கொல்லும். நிழலில் விரித்து உலர்த்துங்கள். பொத்தான்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் பழைய பல் பிரஷ்ஷில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, பெட்டியின் உலோகத்தில் மட்டும் தேய்க்கவும். துணிப் பக்கம் ஸ்பிரிட் படக் கூடாது. மாட்டும்போது 'டிக்' என்று பிடிக்காமல் தொளதொளவென்று சுற்றுகிற பொத்தான் ஓடும்போது தொடர்பை விட்டு விட்டுத்தான் தரும்.

பேட்டரி

பல பெட்டிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. தூரம் குறைந்துகொண்டே வருவதும், குளிரில் மட்டும் சிக்னல் விட்டுப்போவதும் அது தீர்ந்துவருவதன் அறிகுறிகள். மீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும் பழைய பேட்டரி, ரேடியோ இழுக்கும் அந்த நொடியில் தொய்ந்துவிடும். சந்தேகமென்றால் புதியது போட்டுப் பார்ப்பதே குறுக்குவழி.

மாற்றும்போது:

1. பழையதை எடுத்துவிட்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து சென்சார் புதிதாகத் தொடங்கும். பாதி 'செத்த' நிலையில் மாட்டிக்கொண்ட பெட்டிகள் இதிலேயே பிழைத்துவிடும்.
2. புதியதை ஓரத்தில் பிடித்து வையுங்கள். முகத்தில் விரல் ரேகை வேண்டாம். கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று மூடியைத் திறந்தவுடனேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.
3. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிதுங்கியிருந்தால் முதல் வியர்வையிலேயே உள்ளே ஈரம் போகும்.

குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சோடு வரும் பேட்டரிகள் சில பெட்டிகளில் சரியாகத் தொடர்பு கொடுப்பதில்லை. புதிய பேட்டரி போட்டும் உயிர் வரவில்லையென்றால் பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆனால் பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழையதை மேசைமேல் விட்டுவிட வேண்டாம். விழுங்கிய பொத்தான் பேட்டரி 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். ரீசார்ஜ் செய்யக்கூடிய 2032 அளவு லித்தியம் அயான் பேட்டரியும் இங்கே ஆகாது. முழுச் சார்ஜில் அது 4 வோல்ட்டைத் தாண்டும்.

ஆண்டுக்கணக்கில் வரவேண்டிய பேட்டரி சில வாரங்களில் தீர்ந்தால், பெட்டியைப் பட்டையிலேயே விட்டு வைக்கிறீர்களா என்று பாருங்கள். ஈரப் பட்டை இரண்டு பொத்தான்களையும் இணைக்கும். யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டி இரவெல்லாம் விழித்திருக்கும்.

மணிக்கட்டு வாட்ச்: துடிப்பா, காலடியா?

வாட்சின் அடியில் மின்னும் பச்சை எல்.இ.டி. இதயத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளி மிக லேசாக மாறுகிறது, அதைத்தான் எண்ணுகிறது. காலடி ஒவ்வொன்றிலும் ரத்தமும் குலுங்கும், வாட்சும் நகரும். அந்தக் குலுக்கலை அசைவுச் சென்சாரின் உதவியோடு கழிக்க வாட்ச் முயலும். ஓடுபவர் நிமிடத்துக்கு 165 அடி வைத்து, துடிப்பும் 150-ஐ ஒட்டி இருந்தால் இரண்டு தாளமும் குழம்பி, வாட்ச் காலடியைப் பிடித்துக்கொள்ளும். மெல்லோட்டத்தில் 165, 170 என்று மேசைபோல் தட்டையாக ஓடும் கோடுகளில் பல இப்படிப் பிறந்தவைதான்.

சோதிப்பது எளிது. அதே வேகத்தில், அடிகளை மட்டும் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உழைப்பு பெரிதாக மாறாதபோதே எண்ணும் கூடவே ஏறினால் வாட்ச் பார்ப்பது காலை. இன்னொன்று, சட்டென்று நின்று பாருங்கள். உண்மையான துடிப்பு படிப்படியாக இறங்கும். காலடி எண்ணோ நின்றவுடன் அந்தரத்தில் தொங்கி, வேறோர் எண்ணுக்கு ஒரே தாவாகத் தாவும். பிடிபட்டால், அரை நிமிடம் நடந்து, வாட்சைச் சற்று மேலே தள்ளி இறுக்கிவிட்டு மீண்டும் ஓடுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும்.

இறுக்கமும் இடமும் பட்டையைவிட இங்கே முக்கியம். சுண்டுவிரல் பக்கம் துருத்தும் மணிக்கட்டு எலும்பிலிருந்து முழங்கை நோக்கி இரண்டு விரல் அகலம் மேலே கட்ட வேண்டும். எலும்பின் மேலேயே அணிவது அழகாக இருக்கும், அளக்காது. கையை உதறினால் வாட்ச் நகரக் கூடாது, விரல்கள் மரத்தும் போகக் கூடாது. இருட்டறையில் பார்த்தால் ஓரங்களில் பச்சை வெளிச்சம் கசிகிறதா? கசிந்தால் வெயிலில் வெளிச்சம் உள்ளே நுழையும் வழியும் அதுவே. பயிற்சி முடிந்ததும் ஒரு துளை தளர்த்திவிடுங்கள், தோலுக்கு நல்லது.

சன்ஸ்கிரீன் படலம், வியர்வை உப்பு, பச்சை குத்திய இடத்தின் கறுப்பு மை ஆகியவை ஒளியை விழுங்கும். முதலிரண்டும் நன்னீரில் நனைத்த மெல்லிய துணிக்கு அடங்கும். மூன்றாவதற்குக் கை மாற்றிக் கட்டுவதைத் தவிர வழியில்லை. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் எண் கீழேயே கிடக்கும்; வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் உடலைச் சூடாக்கி, வாட்சைக் கை நீளச் சட்டைக்கு அடியில், தோலோடு கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

டம்பெல், கயிறு, சைக்கிள் ஹேண்டில்பார் என்று எதையாவது இறுகப் பிடிக்கும் வேலையில் மணிக்கட்டு மடங்கி, தசைநாண்கள் புடைத்து, வாட்சுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழும். என்ன அமைப்பு மாற்றினாலும் இதை முழுமையாகத் தீர்க்க முடியாது. 30 விநாடி வேகம், 30 விநாடி ஓய்வு என்ற பயிற்சியிலும் அப்படியே: வாட்ச் பல விநாடிகளின் சராசரியைக் காட்டுவதால், ஏறும் எண் திரைக்கு வருமுன் வேகப் பகுதி முடிந்திருக்கும். இந்த இரண்டு பயிற்சிகளும் முக்கியமென்றால் நெஞ்சுப் பட்டை, அதுவும் பிடிக்காவிட்டால் மேற்கையில் கட்டும் ஒளிச் சென்சார். அங்கே சதை கூடுதல், அசைவு குறைவு.

எண்ணே வரவில்லை

பட்டை நலம், பேட்டரி புதியது, ஆனாலும் வாட்ச் தேடிக்கொண்டே இருக்கிறது என்றால் பெரும்பாலும் பட்டையை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த 'வேறு யாரோ' உங்கள் பையிலிருக்கும் மொபைல்தான். பழைய பட்டைகள் ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். புதியவை இரண்டு மூன்றோடு. ஏதாவதொரு செயலி பின்னணியில் தானாக இணைந்துகொண்டால் வாட்சுக்கு இடமில்லை. மொபைலின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு வாட்சை இணைத்துப் பாருங்கள். உடனே கிடைத்தால் குற்றவாளி பிடிபட்டான். ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு வழியில் இந்தத் தகராறு இல்லை. அது வானொலிபோல் ஒலிபரப்பும், எத்தனை கருவி வேண்டுமானாலும் கேட்கலாம். வாட்சில் இரண்டும் இருந்தால் வாட்சுக்கு ஆன்ட் பிளஸ், மொபைலுக்கு ப்ளூடூத் என்று பிரித்துக்கொடுங்கள்.

மொபைலின் ப்ளூடூத் அமைப்புப் பக்கத்தில் போய்ப் பட்டையை இணைக்காதீர்கள். பயிற்சிச் செயலிக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய மொபைல்களில் இடம் அறியும் அனுமதி இல்லாமல் செயலியால் பட்டையைத் தேடவே முடியாது. 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி. முதல் முறை இணைக்கும்போது பட்டையைக் கட்டி, நனைத்து, மற்றவர்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஜிம்மில் பக்கத்து ஆளின் துடிப்பு உங்கள் கணக்கில் ஏறாது.

நடுவில் விட்டு விட்டு வந்தால் உடம்பைச் சந்தேகியுங்கள். ப்ளூடூத்தும் ஆன்ட் பிளஸ்ஸும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை; அந்த அலைவரிசையை நீர் விழுங்கும், நம் உடம்போ பெரும்பாலும் நீர். மொபைலைப் பின் பையிலிருந்து முன்பக்கத்துக்கோ கைக்கோ மாற்றினாலே பல இடைவெளிகள் மறையும். நீச்சலில் இதே காரணத்தால் நேரடி எண் கிடைக்காது. உள்ளே நினைவகம் உள்ள பட்டை பதிந்துவைத்துக் கரையேறிய பிறகு கொடுக்கும். பழைய 5 கிலோஹெர்ட்ஸ் பட்டைகள் மட்டும் நீருக்குள்ளும் பேசும். கணினியோடு இணைத்து வீட்டுக்குள் சைக்கிள் மிதிப்பவர்கள், ஆன்ட் பிளஸ் ரிசீவரை யு.எஸ்.பி. 3.0 துளையில் நேரடியாகச் செருகியிருந்தால், அந்தத் துளை எழுப்பும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழுகிறது. 2 மீட்டர் நீட்டிப்பு வயரில் ரிசீவரைச் சைக்கிளுக்கு அடியில் கொண்டுபோய் வையுங்கள்.

வாட்சில் எண் ஒழுங்காக ஓடி, மொபைல் பதிவில் மட்டும் ஓட்டை விழுந்தால் காரணம், பேட்டரியைச் சேமிக்க மொபைல் அந்தச் செயலியைத் தூங்கவைப்பது. செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இதற்கு நேர்மாறான வில்லங்கமும் உண்டு: பட்டை விட்டுப்போகும் நிமிடங்களில் சில வாட்சுகள் சத்தமில்லாமல் தங்கள் மணிக்கட்டுச் சென்சாருக்கு மாறிவிடும். கோடு அறாது, ஆனால் நடுநடுவே குணம் மாறியிருக்கும். பட்டையோடு பயிற்சி செய்யும்போது மணிக்கட்டு அளவீட்டை அமைப்பில் அணைத்துவிட்டால், விடுபட்டது விடுபட்டதாகவே தெரியும்.

எல்லாம் சரி, எண் மட்டும் 'அதிகம்'

விரலும் மானியும் ஒத்துப்போகின்றன, கோடும் வழவழப்பாக ஏறி இறங்குகிறது, ஆனால் செயலி 'உச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள்' என்று சிவப்பு காட்டுகிறது. இங்கே பழுது அந்த உச்சத்தில். உச்சத் துடிப்பைக் கணக்கிட 220-இலிருந்து வயதைக் கழிப்பது கூட்டத்துக்கான சராசரி. தனி மனிதரில் 10, 12 இப்படியும் அப்படியும் இருப்பது சாதாரணம். 2001-இல் வெளிவந்த இன்னொரு சூத்திரம் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 50 வயதுக்காரருக்கு முதலாவது 170 தரும், இரண்டாவது 173. 65 வயதில் 155-க்கும் 162.5-க்கும் உள்ள இடைவெளி பெரிதாகத் தெரியும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது, உச்சம் இறங்கிவிடும். பயிற்சியின் தீவிரத்தைப் பிரிக்கும் துடிப்பு மண்டலங்களின் எல்லைகளை மருத்துவரிடம் கேட்டு அமைப்பில் கையால் போட வேண்டும். மற்றவர்கள், நன்றாக நனைத்துக் கட்டிய பட்டையில் பல வாரப் பயிற்சிகளில் தாவாமல், படிப்படியாக ஏறித் தொட்ட மிக உயர்ந்த எண்ணைச் சூத்திரத்தின் இடத்தில் எழுதிக்கொள்ளலாம். முதல் 10 நிமிடத்தில் வந்த 214-ஐ மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.